லேபிள் இல்லாத பன்

லென்ஸம்மா என்ற பெயரை அவளுக்கு வைத்தது பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு. சாவிக்கொத்தில் ஒரு சின்ன பூதக்கண்ணாடியைக் கோத்துக்கொண்டு, எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவள் வருத்தப்படவில்லை. பட்டம் கிடைத்த மாதிரிதான் எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. மாத்திரை அட்டையின் ஓரத்தில் கடுகளவு எழுத்தில் இருக்கும் காலாவதித் தேதியைப் படிப்பதே பிழைப்பு. அப்படிப்பட்டவள், அந்தப் பட்டத்துக்கு முன்பு வரை, மகளின் பையில் தன் கையாலேயே வாங்கி வைத்த ஜூஸ் டப்பாவை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. பல் மருத்துவர்தான் திருப்பினார். எட்டு வயது சின்னுவுக்கு இரண்டு கடைவாய்ப் பற்களை அடைக்க வேண்டியிருந்தது.

"ஸ்வீட் நிறைய சாப்பிடுவாளா?"

"இல்ல டாக்டர். வீட்ல சாக்லேட்டே வாங்கறதில்ல. ஜூஸ், பழம் போட்ட தயிர், தானிய பிஸ்கட், அவ்வளவுதான்."

மருத்துவர் சின்னுவின் கையிலிருந்த டப்பாவை வாங்கி, அதன் பின்பக்கக் கட்டத்தில் விரலை ஓட்டினார். "இதுல அஞ்சு ஸ்பூன் சர்க்கரை இருக்கும்மா" என்றார். திட்டவில்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தச் சாதாரணக் குரல்தான் அவளைச் சுட்டது.

அன்று மாலையே அடுக்களை அலமாரியைக் காலி செய்து தரையில் பரப்பினாள். சர்க்கரை அதன் சொந்தப் பெயரில் வந்தால் யாரும் பிடித்துவிடலாம். அது குளுக்கோஸ் பாகு, டெக்ஸ்ட்ரோஸ், மால்ட் சாறு, பழச்சாற்றுச் செறிவு என்று மாறுவேடத்தில் வந்தது. எது அதிகம் சேர்கிறதோ அதைப் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது விதி. ஒரே இனிப்பை நாலு பெயராகப் பிரித்தால் நாலும் கீழே இறங்கிவிடும், கோதுமை முதலிடத்தில் வந்து நல்ல பிள்ளையாக நிற்கும். தக்காளி சாஸில் சர்க்கரை. காலையில் பாலில் போடும் தானியச் செதிலில் சர்க்கரை. உப்பு பிஸ்கட்டிலும் சர்க்கரை.

அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வேலை முடிந்து வந்தவன் தரையைப் பார்த்து, "இன்னிக்கு யார் யார கைது பண்ணியிருக்க?" என்று கேட்டான்.

"சிரிக்காதீங்க. நம்ம பொண்ணுக்கு நாமளே ஊட்டியிருக்கோம்."

அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கூடவே படித்தான். பாதியில் கண் வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டான். அவள் எழவில்லை.

வீடு ஒழுங்கானதும் அவள் பார்வை பள்ளி கேண்டீன் பக்கம் திரும்பியது.

கேண்டீனை நடத்தியவளுக்கு ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் அவள் கேண்டீன் அக்காதான். வாய் கொஞ்சம் வெடுக்கு. சில்லறை கேட்டால் மிட்டாயைக் கையில் திணிப்பாள். ஆனால் அவள் கடை பன்னுக்குப் பள்ளியே அடிமை. அவள் கணவர் விடியும் முன் வீட்டு அடுப்பில் சுட்டு, துணி மூடிய பெட்டியில் அனுப்பும் பன். பெட்டியைத் திறந்தால் வாசனை இரண்டாம் மாடி வரைக்கும் போகும். மருந்துக்கடையில் மாற்று ஆள் வரத் தாமதமாகும் நாட்களில் சின்னு கேண்டீன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். அக்கா கேட்காமலே ஒரு பன்னைத் தட்டில் வைத்து, "வீட்டுப்பாடத்த எடு, வேடிக்கை பாக்காத" என்று அதட்டிக்கொண்டிருப்பாள். அதற்காக லென்ஸம்மா மனதுக்குள் எத்தனையோ முறை அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கேண்டீன் முன்னால் நின்று, தொங்கவிட்டிருந்த சரங்களிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டாகக் கழற்றிப் படித்தாள். ஜூஸ், நிறம் போட்ட பால், கிரீம் பிஸ்கட்.

"சின்னு அம்மா, வாங்கப் போறீங்களா, இல்ல பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்றாள் அக்கா.

"அக்கா, இந்தப் பால்ல எவ்வளவு சர்க்கரை தெரியுமா?"

"நான் என்ன மாட்டுக்குள்ளயா போட்டேன்? லாரில வருது, விக்கறேன்."

"இதயெல்லாம் நிறுத்திட்டு பன், முட்டை, பழம் மட்டும் வைக்கலாம்ல?"

"நீங்க ஒருத்தர் சொல்லி நான் நிறுத்தினா, பசங்க கேட்டுக்கு வெளிய போய் வாங்குவாங்க. பள்ளிக்கூடம் சொல்லட்டும், நிறுத்தறேன். எனக்கென்ன, இந்தச் சரத்தக் கட்டி அவுக்கற வேலை மிச்சம்."

அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு லென்ஸம்மா வீட்டுக்குப் போனாள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவள் பேசினாள். மேடையில் பேசிப் பழக்கமில்லை, குரல் நடுங்கியது. அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஆறு கண்ணாடி டம்ளர்களை மேசையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பாக்கெட். அதன் லேபிளில் எத்தனை கிராம் போட்டிருக்கிறதோ, அத்தனைக்குக் கணக்காக ஸ்பூனால் சர்க்கரையை அள்ளி டம்ளரில் கொட்டினாள். மூன்றாவது டம்ளருக்கு வந்தபோது பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு அப்பா எழுந்து வந்து டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கடைசியில் எல்லாரும் கை தட்டினார்கள். தலைமையாசிரியை அவள் தோளில் கை போட்டு, "நீங்களே ஒரு விதி எழுதிக் குடுங்க, சுற்றறிக்கையா அனுப்பிடறேன்" என்றார்.

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். பாக்கெட்டில் அடைத்து வரும் தின்பண்டங்களில் சர்க்கரை அளவு தெளிவாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த அளவு ஒரு பாக்கெட்டுக்கு ஒன்றரை ஸ்பூனைத் தாண்டக் கூடாது. இவ்வளவுதான் சாரம்.

அடுத்த வாரம் பள்ளி அலுவலகத்திலிருந்து அவள் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அப்போது மருந்துக்கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெரியவர் மருந்துச் சீட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார். அலுவலகம் அவள் எழுதியதைச் சுருக்கி, சரியா என்று கேட்டிருந்தது: 'சத்து விவரம் அச்சிடப்படாத உணவுப் பொருள் எதுவும் பள்ளி வளாகத்தில் விற்கப்படக் கூடாது.' அளவைப் போட்டால் தகராறு வரும் என்பதால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி. அவள் மேலோட்டமாகப் பார்த்தாள். அவளுடைய கருத்துதான், சுருக்கமாக இருக்கிறது, நல்லது. 'சரிங்க மேடம், அனுப்புங்க' என்று பதில் போட்டுவிட்டுப் பெரியவரின் சீட்டை வாங்கினாள்.

சுற்றறிக்கை போன மறுநாள் கேண்டீன் அக்கா பள்ளி வாசலில் அவளை மறித்தாள். கையில் அந்தத் தாள்.

"சின்னு அம்மா, என் பன்னுல எங்க அச்சடிக்கறது? மேலயா, கீழயா?"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. தாளை வாங்கி மறுபடி படித்தாள். 'எதுவும்' என்ற சொல்லில் கண் நின்றது. 'பாக்கெட்டில் அடைத்து வரும்' என்பது அதில் இல்லை.

"அய்யோ, இது உங்க பன்னுக்கு இல்லக்கா. நான் பாக்கெட்டத்தான் சொன்னேன். சுருக்கும்போது விட்டுப்போச்சு. நான் மேடம்கிட்ட சொல்லிச் சரி பண்ணிடறேன்."

"பண்ணுங்க" என்றாள் அக்கா. அப்போது அவள் குரலில் கோபம் இல்லை. முன்பு சொன்ன வாக்குப்படி, பாக்கெட் சரங்களையெல்லாம் சுற்றறிக்கை வந்த அன்றே கழற்றிவிட்டதாகவும் சொன்னாள்.

தலைமையாசிரியை அவளை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "விதின்னு போட்டா எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா. வீட்ல செய்யறதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நீங்களே சொன்னதுதானே, தெரியாதத சாப்பிடக் கூடாதுன்னு" என்றார்.

"பன்னுல என்ன இருக்குன்னு நான் எழுதித் தரேன் மேடம்."

"தாங்க. பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை லென்ஸம்மா தராசை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். ஒரு படுக்கையறையும் அடுப்பறையும் மட்டும் இருந்த வீடு. அடுப்பறையில் அக்காவின் கணவர் முழங்கை வரை மாவோடு நின்றிருந்தார். சர்க்கரை எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டதற்கு, "கைக்குத் தெரியும்" என்றார்.

"கைக்குத் தெரிஞ்சத தராசுக்கும் சொல்லுங்கண்ணா."

அவர் சிரித்துக்கொண்டே தன் பிடியைத் தராசில் கொட்டினார். மூன்று முறை கொட்டச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் ஓரிரு கிராம் மாறியது. அவருக்கு வெட்கமாகிவிட்டது, "என்னம்மா, திருடன பிடிச்ச மாதிரி" என்றார். மாவு, பால், வெண்ணெய், ஈஸ்ட், உப்பு, எல்லாவற்றையும் நிறுத்து எழுதினாள். வகுத்துப் பார்த்தபோது ஒரு பன்னுக்கு ஒரு சின்ன ஸ்பூன் சர்க்கரை வந்தது. அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மூவரும் சூடான பன்னைப் பிய்த்துத் தின்றார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அந்தக் காலை நேரத்தில் மூவருக்குமே தோன்றியது.

லேபிளை அவள் வீட்டுக் கணினியில் கட்டம் போட்டு அடித்தாள். பார்க்க அசலாகவே இருந்தது. தலைமையாசிரியை அதைக் கையில் வாங்கி, "நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா இதுக்கு ஆய்வகச் சான்று வேணுமே. நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். சான்று வாங்க எவ்வளவு ஆகும் என்று லென்ஸம்மா விசாரித்தாள். அக்கா ஒரு வருடம் பன் விற்றாலும் அவ்வளவு மிஞ்சாது.

"பள்ளிக்கூடம் குடுக்கட்டும்னு சொல்லிப் பாருங்களேன்" என்றாள் அக்கா. சொல்லிப் பார்த்தாள். அந்த வார்த்தை காற்றோடு போயிற்று.

இதற்குள் கேண்டீனுக்கு வேறு ஆள் தயாராக நின்றார். நாலாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் அப்பா, தின்பண்ட நிறுவனம் ஒன்றின் விநியோகஸ்தர். அலமாரி இலவசம், குளிர்பெட்டி இலவசம், எல்லாவற்றிலும் லேபிள் உண்டு என்றார். தலைமையாசிரியைக்கு வேறென்ன வேண்டும்? மாதம் முடியும் முன்பே அக்காவின் கடையை மூடி, கேண்டீன் சுவருக்குப் பச்சை வண்ணம் அடித்தாயிற்று. நடுவில் ஒரு தட்டி: 'விழிப்புணர்வுள்ள பெற்றோரின் கோரிக்கையை ஏற்று'. கூட்டத்தில் யாரோ எடுத்த படத்தில் டம்ளரும் ஸ்பூனுமாக நின்ற லென்ஸம்மா அந்தத் தட்டியின் மூலையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அலமாரியில் அதிகம் விற்றது கடலைமிட்டாய் வடிவில் ஒரு தானியக் கட்டி. உறையின் முன்பக்கம் பழமும் கதிரும் வரைந்து 'வெள்ளைச் சர்க்கரை துளியும் இல்லை' என்று போட்டிருந்தது. அவள் ஒன்றை வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள். அரிசிப் பாகு, பழச்சாற்றுச் செறிவு, பேரீச்சைப் பாகு, மால்ட் சாறு. ஒரு பரிமாறலுக்குச் சர்க்கரை ஏழு கிராம். அப்படியென்றால் ஏறக்குறைய இரண்டு ஸ்பூன். தன் வரம்பைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது என்று மூச்சு விடும்போது அதற்கும் கீழே இருந்த வரி தெரிந்தது: 'ஒரு பரிமாறல் என்பது அரைக் கட்டி'. எந்தக் குழந்தை அரைக் கட்டியைத் தின்று மீதியை மடித்து வைக்கும்? முழுக் கட்டியில் மூன்றரை ஸ்பூன். அக்காவின் மூன்று பன்னில் இருப்பதைவிட அதிகம்.

மறுபடி கூட்டம். மறுபடி டம்ளர்கள். இந்த முறை அவள் குரல் நடுங்கவில்லை, ஆனால் அரங்கில் பாதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கொட்டி முடித்ததும் விநியோகஸ்தர் எழுந்தார். மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

"மேடம் மேல எனக்கு ரொம்ப மதிப்பு. ஆனா ஒண்ணு கேக்கறேன். உறையில பொய் ஏதாவது இருக்கா? வெள்ளைச் சர்க்கரை இல்லைன்னு போட்டிருக்கோம். தேடிப் பாருங்க, இருக்காது. மீதி எல்லாம் பின்னாடி அச்சடிச்சிருக்கு. மறைச்சிருந்தா மேடம் எப்படிப் படிச்சிருப்பாங்க?"

சிலர் சிரித்தார்கள். முதல் கூட்டத்தில் டம்ளரைத் தூக்கிப் பார்த்த அதே அப்பா எழுந்தார். "போன தடவை லேபிள் வேணும்னு சொன்னீங்க. இப்ப லேபிள் வந்தாச்சு. அடுத்து என்ன வேணும்? எங்களுக்கும் வேலை வெட்டி இருக்குல்ல?"

"அளவு போடணும்னு நான் முதல்லயே எழுதியிருந்தேன்" என்றாள் அவள்.

"இறுதி வடிவத்துக்கு நீங்கதானே சரின்னு சொன்னீங்க?" என்றார் தலைமையாசிரியை. குத்திக்காட்டும் தொனி இல்லை, நினைவுபடுத்தும் தொனிதான். பிறகு, பிடிக்காதவர்கள் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பலாம் என்று சொல்லி, விளையாட்டு விழா பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தின கதையா ஆயிடுச்சு" என்றான். அன்றைக்கு அவன் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

கேண்டீனின் பின்னறையில் இன்னும் கிடந்த பாத்திரங்களை அக்கா எடுத்துப் போக வந்த நாளில் லென்ஸம்மா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். உதவலாம் என்று நினைத்தாள். அக்கா பெரிய பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பன் பெட்டி காலியாக, கவிழ்த்து வைத்திருந்தது.

"அக்கா, பக்கத்து ஸ்கூல்ல கேட்டுப் பாக்கறேன். அங்க ஒருத்தர எனக்குத் தெரியும்."

"வேணாம்."

"நான் வேணும்னு பண்ணலக்கா. உங்களுக்கே தெரியும்."

அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "தெரியும். நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க. கெடுதல் நினைக்கற ஆளா இருந்தா நானும் உஷாரா இருந்திருப்பேன்."

"அவங்க சுருக்கும்போது..."

"சின்னு அம்மா, ஒண்ணு கேக்கறேன். ஊர்ல உள்ள பாக்கெட்ட எல்லாம் கண்ணாடி வெச்சுப் படிச்சீங்க. இந்த ரெண்டு வரிய படிக்க உங்களுக்கு நேரம் இல்லாமப் போச்சா?"

லென்ஸம்மா வாயைத் திறந்தாள். கடையில் கூட்டமாக இருந்தது, ஒரு பெரியவர் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அதைச் சொல்ல முடியுமா?

"உங்க பொண்ணுக்கு எத்தன நாள் பன் குடுத்திருக்கேன். அதுல என்ன இருக்குன்னு, இந்தத் தாள் வர்ற வரைக்கும் நீங்க ஒருநாளும் கேட்டதில்ல. நம்பினீங்க. அந்த நம்பிக்கைய ரெண்டு வார்த்தையா அதுல சேர்த்திருந்தா போதும்." அக்கா மறுபடி குனிந்து பாத்திரத்தை எடுத்தாள். "அந்தப் பக்கம் நில்லுங்க, கரி ஒட்டிக்கும்."

உதவச் சொல்லவில்லை. வண்டி வந்து பாத்திரங்கள் ஏறும்வரை லென்ஸம்மா அந்தப் பக்கமாகவே நின்றிருந்தாள்.

அதன்பின் அவள் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதை நிறுத்தினாள். நிறுவனத்துக்கு இரண்டு புகார்கள் அனுப்பினாள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது. சின்னுவுக்கு வேகவைத்த முட்டையும் நறுக்கிய பழமும் டப்பாவில் கொடுத்தனுப்பினாள். டப்பா காலியாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் ஒருநாள் துவைப்பதற்காகப் பள்ளிச் சீருடையின் பையைத் தட்டியபோது கதிரும் பழமும் வரைந்த உறைகள் நாலு விழுந்தன. முட்டையைத் தோழிக்குக் கொடுத்துப் பண்டமாற்று நடந்திருக்கிறது.

"இத ஏன் சாப்பிட்ட?"

"அது ஹெல்திம்மா. மிஸ் சொன்னாங்க. போர்டுல உன் போட்டோகூட இருக்கே."

மகளை அடிக்கக் கை ஓங்கி, ஓங்கிய கையைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள். அந்தத் தட்டியிலிருந்து படத்தை எடுக்கச் சொல்லி எழுத்தில் கேட்டாள். எடுக்கிறோம் என்றார்கள். எடுக்கவில்லை. வருட முடிவில் சின்னுவின் மூன்றாவது பல்லையும் அடைத்தார்கள். பல் மருத்துவர் இந்த முறையும் திட்டவில்லை.

கேண்டீன் அக்கா ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்றும், அவள் கணவர் கல்யாண ஆர்டர் கிடைத்தால் மட்டும் பன் சுடுகிறார் என்றும் யாரோ சொன்னார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று பல ஞாயிற்றுக்கிழமைகள் நினைத்தாள். என்ன சொல்லிக்கொண்டு போவது என்று தெரியாமல் அவையும் கழிந்தன.

மழை விட்ட ஒரு மதியம் அக்காவே மருந்துக்கடைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். சலவைத் தூளில் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. கடையில் இரண்டு கவுன்ட்டர்கள். லென்ஸம்மா முன்னால் யாரும் இல்லை. பக்கத்தில் நின்ற சக ஊழியனிடம் மூன்று பேர் காத்திருந்தார்கள். அக்கா இரண்டு பக்கமும் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்த மூன்று பேருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அக்கா, இங்க வாங்க. இங்க காலியாத்தான் இருக்கு."

"பரவால்லங்க. அவசரம் இல்ல" என்றாள் அக்கா.

வரிசை மெதுவாக நகர்ந்தது. லென்ஸம்மா மேசையில் இருந்த ரசீதுகளை அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். அக்காவின் முறை வந்தது. கணவருக்கான மாத்திரைகள். எதைச் சாப்பாட்டுக்கு முன், எதைப் பின் என்று சக ஊழியனிடம் இரண்டு முறை கேட்டு, சொன்னதை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பையில் வைத்துக்கொண்டு போகிறவள், மரியாதைக்காகத்தான் இருக்க வேண்டும், லென்ஸம்மா முன்னால் ஒரு கணம் நின்றாள்.

"பாப்பா நல்லா இருக்காளா?"

பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை.

"நல்லா இருக்காக்கா. அண்ணன் எப்படி..."

"இருக்காரு" என்றாள் அக்கா. கதவைத் தள்ளித் திறந்து, ஈரத் தெருவில் இறங்கி, புடவை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதற்குள் ஒரு இளைஞன் இருமல் மருந்து கேட்டு லென்ஸம்மாவின் மேசைக்கு வந்துவிட்டான். அவள் புட்டியை எடுத்து, தேதியைப் படித்து, அவனிடம் கொடுத்தாள்.